எழுதாமல் விட்ட இருபத்தைந்து நிமிஷம்

நான் பதினெட்டு வருஷம் டாய்லெட் பவுல் செய்தவள். மலேசியாவில், நீலாயில் ஒரு பீங்கான் தொழிற்சாலை. பவுலும் கைகழுவும் சிங்க்கும்தான் அங்கே சரக்கு. இதைச் சொன்னதும் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். சிரியுங்கள், எனக்கொன்றும் கோபமில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பாத்ரூமுக்குள் நுழைந்ததும் பவுலின் ஓரத்தைக் குனிந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. தேய்த்தவள் சரியாகத் தேய்த்திருக்கிறாளா என்று தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் சேகர், "வெளிய சொல்லிராதலா ஈஸ்வரி, மானம் போயிரும்" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து, லாபு பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஒருவர், "டிபியாமே?" என்கிறார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "புற்றுநோயாமே, உண்மையா?" என்கிறார். பதிலைக் கையோடு கொண்டுவந்து கேள்வி கேட்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல? நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும். எனக்கும் கேள்வி கேட்கிற குணம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் பதில் தெரியாமல் கேட்கிறவள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எடுப்பது ஒரு பிரிவு. அது காய்ந்ததும், சூளைக்குப் போகுமுன் எங்களிடம் வரும். நாங்கள் பன்னிரண்டு பெண்கள். மணல் காகிதத்தால் ஓரத்தையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்குவோம். தேய்த்த தூள் மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் பூச்சு பிடிக்காது. அதனால் காற்றுக் குழாயால் உஸ்ஸென்று ஊதித் தள்ளிவிட்டுப் பூச்சுப் பிரிவுக்கு அனுப்புவோம். அந்தத் தூள் முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட நைசாக இருக்கும். மத்தியானத்துக்குள் எங்கள் புருவமெல்லாம் வெளுத்துப் போகும். கடைசிப் பத்து வருஷம் அந்த லைனுக்கு நான்தான் லீடர்.

தீபாவளி முடிந்த கையோடு இருமல் வந்தது. பலகாரம் சுட்ட எண்ணெய்ப் புகை என்று நினைத்தேன். பொங்கலுக்கும் அது போகவில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் வரிசை வீட்டுக்கு ஒரு சின்ன மேடு ஏற வேண்டும். அதில் இரண்டு இடத்தில் நின்று நின்று போனேன். அதைக்கூட வயசாகிறது என்று விட்டிருப்பேன். ஒருநாள் மகளைத் திட்ட ஆரம்பித்தேன், பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மிச்சத் திட்டை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். திட்டு வாங்காததற்காக ஒரு பிள்ளை பயந்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

கிளினிக்கில் இரண்டு தடவை இருமல் மருந்தும் எம்சி லீவுச் சீட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கத்தில் சின்னச் சின்னதாய் வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் என்னைப் பார்த்தார், என் பின்னால் நின்ற சேகரைப் பார்த்தார், பிறகு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு, "சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னிக்கே" என்றார்.

அங்கே இருமுகிறவர்களுக்குத் தனியாக ஒரு காத்திருக்கும் இடம். சுவர் இல்லை, கூரை மட்டும். காற்று போக வேண்டும் என்பதற்காக. எல்லாருக்கும் மாஸ்க். யாராவது இருமினால் மற்றவர்கள் தலை திரும்பும், உடனே திரும்பாதமாதிரி நேராகும். டிபியா என்று பார்க்க மூன்று நாள் காலையில் சளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எச்சில் கூடாது, அடி நெஞ்சிலிருந்து வர வேண்டும். டப்பாவை வாங்கிய ஆளிடம், "இதுல என்னத்தப் பாப்பீங்க?" என்று கேட்டேன். சாயம் போட்டுக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் டிபி கிருமி சிவப்புக் குச்சியாகத் தெரியும் என்றார். "நானும் பாக்கலாமா?" என்றேன். பத்து வருஷ வேலையில் இப்படி யாரும் கேட்டதில்லையாம்.

அந்த மூன்று நாளும் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனிக் கட்டில். வைத்துக்கொண்டவள் நான்தான். சேகர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். வாயால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்ல வராது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து என் அறை வாசலுக்கு வெளியே போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். "ஏன் இங்க ஒக்காந்திருக்கீங்க? மேசை இல்லையா?" என்று கேட்டேன். "அங்க ஃபேன் சரியா சுத்தலலா" என்றார். ஃபேன் நன்றாகத்தான் சுத்திக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும்.

சளியில் கிருமி இல்லை. அப்பாடா என்று மூச்சு விடப் போனேன். அதற்குள், "அப்ப அந்தப் புள்ளி என்ன?" என்று சேகர் கேட்டுவிட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வார்டில் சேர்த்தார்கள்.

வார்டில் என்னைப் பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி, நாற்பது வயது இருக்கும். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். "நீங்க எந்த ஊர் தமிழ் டாக்டர்?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர்களாம். அவர் பிறந்து வளர்ந்தது இங்கே சிரம்பானில், தெமியாங்கில். "நான்தான் உங்களைக் கேள்வி கேக்க வேணும். நீங்கள் என்னைக் கேக்கிறீங்கள்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

ஒவ்வொரு சோதனையும் எனக்குப் புதுசு. ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் பார்க்க ஒல்லியாக இருந்தாள், நான் ஊத ஆரம்பித்ததும் பூப்பந்து ஆட்டத்துக்குக் கைதட்டுகிறமாதிரி, "லாகி, லாகி, லாகி, மக்சிக்! ஜாங்கான் பெர்ஹெந்தி!" என்று கத்தினாள். மக்சிக் என்றால் அத்தை; இன்னும், இன்னும், நிறுத்தாதே என்று அர்த்தம். மூன்று தடவை ஊதியும் என் கோடு பாதி மேட்டிலேயே படுத்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து சிடி ஸ்கேன். பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறார்கள், ரொட்டியை வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறமாதிரி. பிறகு வந்ததுதான் எனக்குப் பயம். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் முனையில் இருக்கிற கேமராவால் மூச்சுக்குழாய்க்குள் பார்ப்பார்கள். கொஞ்சம் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, ஒரு கிள்ளு சதையும் எடுப்பார்கள். தொண்டை மரத்துப்போக ஒரு மருந்தை அடித்தார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. தூக்க ஊசி போடுமுன், "திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைங்க டாக்டர்" என்றேன். அரைத் தூக்கத்தில் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒரு குகை. அது இரண்டாகப் பிரிந்தது, பிறகு இன்னும் இரண்டாக. எனக்குள்ளே இவ்வளவு சந்துபொந்தா என்று ஆச்சரியப்பட்டேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, தூங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தாலே விஷயம் பெரிசு என்று பக்கத்துக் கட்டில் மலாய்க்கார மக்சிக் முன்னமே சொல்லியிருந்தாள். புற்றுநோய் இல்லை, டிபியும் இல்லை. சிலிகோசிஸ். "பேர் நல்லா இருக்கே, பொம்பளப் பிள்ளைக்கு வைக்கலாம்போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

விளக்கினார். பீங்கான் களிமண்ணில் மணல் மாவு கலந்திருக்கிறது. அதன் பெயர் சிலிக்கா. காய்ந்த பிறகு தேய்த்தால் கண்ணுக்கே தெரியாத தூளாகி நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். நுரையீரலில் குப்பை கூட்டுகிற வேலைக்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. எந்தத் தூசி வந்தாலும் அவை விழுங்கிவிடும். இந்தத் தூசியை விழுங்கினால் செரிக்காது, விழுங்கிய அணுவே செத்துப்போகும். அது செத்த இடத்தில் ஒரு தழும்பு. படத்தில் தெரிந்த புள்ளியெல்லாம் தழும்புகள்.

"தழும்பு ஆறுமா டாக்டர்?"

"இல்லை. இருக்கிறது இருக்கும். இதுக்குமேல கூடாமப் பாக்கலாம். நீங்கள் இனித் தூசிப் பக்கம் போகவே கூடாது."

அழவும் வந்தது, கேள்வியும் வந்தது. கேள்விதான் முந்திக்கொண்டது.

"நான் மாஸ்க் போட்டேனே! பத்து வருஷமா நல்ல மாஸ்க், ரெண்டு பக்கமும் வடிகட்டி வச்சது. என் லைன்ல யாராச்சும் மாஸ்கை எறக்கினா கிழிச்சித் தொங்க விட்ருவேன். யார வேணா கேட்டுப் பாருங்க!"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. மாஸ்க் வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன், அது ஒரு காரணம். அதைக் கணக்கில் வைத்தாலும் நோய் சமீபத்தில் வேகமாக ஏறியிருக்கிறது என்றார். ஒரு வேலை கொடுத்தார். காலையில் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வருகிறவரை ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறேன் என்று நேரம் போட்டு எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

எனக்கு அது பிடித்திருந்தது. மகளின் பழைய பள்ளி நோட்டை வாங்கி எழுதினேன். கையுறை மாட்டுவது, மாஸ்கின் வாரை இழுத்து இறுக்குவது, எத்தனை பவுல் தேய்த்த பிறகு காகிதம் மாற்றுவது, தரையைக் கூட்டுவது, தேத்தண்ணிக்கு வெளியே போவது, எல்லாம் எழுதினேன். புவனா பார்க்க வந்தபோது அவளையும் கேட்டுச் சரிபார்த்தேன்.

புவனா சேகரின் கடைசித் தங்கச்சி. கல்யாணமாகி அடுத்த வரிசை வீட்டில் இருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளை என் லைனில் சேர்த்துவிட்டவள் நான். நான் படுத்ததும் லீடர் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை முடிந்து வந்து, நெத்திலிச் சம்பலும் சோறும் கொண்டுவந்து, என் தலையைப் பின்னிவிட்டுப் போவாள். "அண்ணி, நீங்க இல்லாம லைன்ல சத்தமே இல்ல. எல்லாரும் ஒழுங்கா வேல செய்றாங்க. ஒரே போர்" என்பாள்.

மறுநாள் காலை டாக்டர் நோட்டைப் படித்தார். தரை கூட்டுகிற இடத்தில் ஒரு கோடு போட்டார். காய்ந்த தூளைக் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டுமாம். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பேனா நின்றது.

"அஞ்சு முப்பத்தஞ்சுக்கு மாஸ்கைக் கழட்டி ஆணியில மாட்டினது எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆறு மணிக்கு பஸ். நடுவில இருபத்தஞ்சு நிமிஷம் என்ன செய்யிறீங்கள்?"

"அது ஒண்ணும் இல்ல டாக்டர். வேல முடிஞ்சிருச்சி. பஸ்ஸுக்கு நிப்போம்."

"சும்மாவா நிப்பீங்கள்?"

"சும்மா ஏன் நிக்கணும்? சுத்தம் பண்ணிக்குவோம்."

"எப்பிடி?"

நான் பெருமையாகச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் பெருமையாகத்தான் சொன்னேன்.

நான் லீடரான புதிதில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற அங்கிள் எங்களோடு தினமும் சண்டை. நாங்கள் ஏறினால் சீட்டெல்லாம் வெள்ளையாகிறது, மற்ற பிரிவு ஆட்கள் புகார் செய்கிறார்கள் என்று. ஒருநாள் எங்களை ஏற்றாமலே நின்றார். நான் யோசித்தேன். வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு காற்றுக் குழாய் இருக்கிறது. அதை வெளியே இழுத்தேன். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, கையை விரிக்கச் சொல்லி, சட்டைக் காலரில் ஆரம்பித்துச் செருப்புவரை ஊதிவிட்டேன். முன்னால் ஒருதரம், திரும்பி நின்று பின்னால் ஒருதரம். ஒரு நிமிஷத்தில் ஆள் பளிச். அங்கிளுக்கு மகா சந்தோஷம். அன்றிலிருந்து அது எங்கள் லைனின் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் தவறினதில்லை.

வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு தடவை. அன்றைக்கு பஸ் எங்களைத் தோட்டத்துக் கோயில் வாசலில் இறக்கிவிடும், நேரே பூசைக்குப் போவோம். வெள்ளை மூஞ்சியோடு அம்மன் முன்னால் போய் நிற்க முடியுமா? அன்றைக்குத் தலைமுடியையும் அவிழ்த்துவிட்டு ஊதுவோம். ஒரே சிரிப்பும் கேலியுமாக இருக்கும். நாள் முழுக்க மாஸ்க் போட்டுப் பேச முடியாமல் கிடந்தவர்கள், வாய் ஓயுமா? மாஸ்க் கம்பெனிச் சாமான், உள்ளேதான் மாட்ட வேண்டும். வெளியே யார் முகத்திலும் ஒன்றும் இருக்காது.

எழுந்து நின்று கையால் ஊதிக்கூடக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாக நின்றுவிட்டது. சாயங்கால வெயிலில் அந்தத் தூசி எங்களைச் சுற்றி மிதந்துகொண்டு நிற்கும். அழகாக இருக்கிறது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தினை பேருக்கு ஊதுவீங்கள்?"

"பதினோரு பேருக்கு. கடைசியில புவனா எனக்கு ஊதுவா."

அவர் நோட்டை மூடினார். கண்ணுக்குத் தெரிகிற தூசி கீழே விழுந்துவிடும், தெரியாததுதான் காற்றில் நிற்கும், அதுதான் ஆழத்துக்குப் போகும் என்றார். "இது மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்ல மாட்டன். ஊதாம உறிஞ்சி எடுக்கிற மெஷினைக் கம்பெனி வைச்சிருக்க வேணும். உடுப்பு மாத்த ஒரு அறை குடுத்திருக்க வேணும். பஸ் ஏறுறதுக்கு நீங்கள் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டி வந்ததே பிழை. நான் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுத வேணும், எழுதுவன். ஆனா இதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ."

நல்ல மனசோடு சொன்னார். எனக்கு அதில் பாதிகூடக் காதில் விழவில்லை. பதினோரு பேர், பத்து வருஷம். நான் ஊதி விட்டிருக்கிறேன். அதில் ஒருத்தி சேகரின் தங்கச்சி, பத்தொன்பது வயதில் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தவள்.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். லீடர் என்பதால் கையில் போன் வைத்திருக்கலாம், எடுத்தாள். "இன்னிக்கி யாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஊதாதீங்க. இனிமே ஊதவே கூடாது. அதுலதான் எனக்கு இந்த வியாதி கூடிருக்கு" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் பவுல் ஊதுகிற உஸ்ஸ் சத்தம் நின்றது. "புவனா, கேக்குதா? நீ முதல்ல நெஞ்சுப் படம் எடுக்கணும்லா." "சரி அண்ணி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

மிச்சம் இருந்த நாட்களில் எனக்கு என் நெஞ்சு மறந்தே போனது. புவனாவின் நெஞ்சைப் பற்றித்தான் நினைப்பு. அவளுக்கும் போன வருஷம் இரண்டு மாசம் இருமல் இருந்ததே, அது சாதாரண இருமலா? படி ஏறும்போது மூச்சு வாங்குகிறாளா? நான் ஏன் இதையெல்லாம் கவனிக்கவில்லை? டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன், எத்தனை வருஷத்தில் புள்ளி வரும், வந்தால் முதலில் எங்கே வரும், ஒரே தூசியில் நின்ற எல்லாருக்கும் வருமா. ஆளுக்கு ஆள் மாறும், படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

சேகரை அனுப்பினேன். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுங்க என்று. தனியாகத் திரும்பி வந்தார்.

"வர மாட்டேங்குது. ஊதுறத நிப்பாட்டிருச்சாம். இப்பதான் லீடர் ஆக்கிருக்காங்க, படத்துல எதாச்சும் தெரிஞ்சா லைன விட்டுத் தூக்கிருவாங்கன்னு சொல்லுது."

"நெஞ்சைவிட லைன் பெருசா அவளுக்கு?" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து, மக்சிக் தன் வெந்நீரைக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். எனக்கு அவ்வளவு கோபம். ஒருநாள் விட்டு ஒருநாள் சம்பல் கொண்டுவந்தவள், தலை பின்னிவிட்டவள், ஒரு போன்கூடப் பண்ணவில்லையே! லீடர் ஆனதும் அண்ணி வேண்டாதவளாகிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூச்சோடு இழுக்கிற மருந்து ஒன்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லி ஓர் அட்டவணை, சளிக் காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லி ஓர் எச்சரிக்கை. இந்த நோய் உள்ளவர்களை டிபி சுலபமாகப் பிடிக்குமாம். சேகர் வீட்டையெல்லாம் ஈரத் துணியால் துடைத்து வைத்திருந்தார். சாமி படத்துச் சட்டத்தின் மேல்கூடத் தூசி இல்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே புவனா வீட்டுக்கு நடந்தேன். கூப்பிடுகிற தூரம்தான், வழியில் ஒருதரம் நின்றேன். அவள் அடுப்படியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள், தலையை நிமிர்த்தவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டேன். என் மூச்சுச் சத்தம் அந்தச் சின்ன அடுப்படியில் நன்றாகவே கேட்டது. அவள் கத்தி நின்றது.

"நாளைக்கி எனக்கு செக்கப். அண்ணன் லோரில போயிருவாரு. தனியா போக முடியாது, நீ கூட வா" என்றேன். அண்ணன் லீவு போட்டிருந்தார். இந்தப் பொய்க்கு அம்மன் என்னை மன்னிப்பாள்.

வந்தாள். பஸ்ஸில் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்கள்தானே புவனா? உங்கட அண்ணி வார்டில இருக்கேக்க என்னட்ட உங்களைப் பத்தித்தான் கேட்டவ. ஒரு படம் எடுப்பம், அஞ்சு நிமிஷம்." அவ்வளவு அன்பாகக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? எழுந்து போனாள்.

படம் திரையில் வருகிறவரை நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது படம் பார்க்கத் தெரியும். கறுப்பாக இருந்தால் காற்று, நல்லது. வந்தது. மேலே வலது பக்கத்தில் பார்த்தேன். கறுப்புதான். இல்லை, ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினேன், திரும்ப எண்ணினேன். டாக்டர் பேனாவால் சுட்டிக் காட்டினார்.

"ஓம், தொடங்கியிருக்கு. ஆனா கொஞ்சம்தான், அண்ணியிட மாதிரி இல்லை. ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்துவம். இப்பவே தூசியிலயிருந்து விலகினா, இந்த அளவோட நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நல்ல நேரத்தில வந்தீங்கள்."

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான்டி உனக்கு இதச் செஞ்சேன். பத்து வருஷமா என் கையாலயே ஊதினேன். என்னைத் திட்டுடி, நாலு வார்த்த கேளுடி" என்று அழுதேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒங்களுக்கு யாரு ஊதினா அண்ணி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீங்க போன் பண்ணி, அதுலதான் வியாதி கூடிருக்குன்னு சொன்னீங்க. கொழாய் அப்ப என் கையிலதான் இருந்திச்சி. பத்து வருஷமா தெனமும் உங்களுக்கு ஊதினது நான். காலர்லேர்ந்து, மூஞ்சிக்கு நேரா. நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பேசிக்கிட்டே நிப்பீங்க. ஒங்க நெஞ்சில இருக்கிறது நான் ஊதினது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சோறு தூக்கிட்டு வார்டுக்கு வரச் சொல்றீங்க? அண்ணன்கிட்ட இதச் சொல்ல முடியுமா? அதான் வேல போயிரும்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் விக்கி விக்கி அழுதாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. எனக்கு நெஞ்சால், அவளுக்கு அழுகையால். நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று மலாயில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினோம். எனக்கு அவளிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

பிறகு அவள் மாஸ்கை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டித் திறந்தாள்.

"டாக்டர், இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. எப்ப கூட்டிட்டு வரட்டும்?"